ஸ்காலர்ஷிப் குடுங்க, மேடைக்குக் கூப்பிடாதீங்க!

வணக்கம் மக்களே! இன்னைக்கு ட்ரெயின் வீடியோ கிடையாது, சமையலும் கிடையாது. ஞாயித்துக்கிழமைன்னா எங்க தங்கவயல் ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்ல இருந்துதான் பேசுவேன்னு உங்களுக்குத் தெரியும். இன்னைக்கு வீட்டு வாசப்படியிலயே உக்காந்துட்டேன். பின்னாடி சத்தம் கேட்டா, பக்கத்து லைன்ல, அதான் சுரங்கத் தொழிலாளிங்களோட வரிசை வீடுங்கள்ல, தண்ணி வந்திருக்கு, குடம் வைக்கிறாங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க. எனக்கு பயங்கர கோவம். நேத்து ராத்திரியில இருந்து அடங்கவே இல்ல.

என் சித்தி பொண்ணு விஷயம். பொங்கல் வீடியோல கோலம் போட்டாளே, அவதான். வேற ஊர்ல ஒரு காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர் படிக்கிறா. காலேஜ் பேரு வேணாம். அங்க அவளுக்கு ஒரு ட்ரஸ்ட் மூலமா பத்தாயிரம் ரூபா ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு. சந்தோஷம்தானே? அதை எப்படிக் குடுத்தாங்கன்னு கேளுங்க. ஆடிட்டோரியத்துல மேடை போட்டு, தெர்மாகோல்ல பெரிய செக் பண்ணி வச்சிருக்காங்க. குடுக்கிறவருக்குச் சால்வை, வாங்குற பிள்ளைங்க வரிசையா நிக்கணும். மைக்ல ஒவ்வொருத்தர் பேரு, டிபார்ட்மென்ட், அதுக்கப்புறம் அப்பா என்ன வேலைன்னு படிக்கிறாங்க! "தந்தை கூலித் தொழிலாளி"ன்னு மைக்ல வருது, எதிர்ல அவ கிளாஸ் மொத்தமும் உக்காந்திருக்கு. அந்தப் போட்டோவை நான் பெருசு பண்ணிப் பாத்தேன். மத்தவங்க எல்லாம் கேமராவைப் பாக்குறாங்க. இவ மட்டும் அந்தத் தெர்மாகோல் ஓரத்துல கலர் பேப்பர் பிரிஞ்சிருந்த இடத்தை நகத்தால அமுக்கிட்டு நிக்கிறா.

இப்ப அந்தப் போட்டோ நோட்டீஸ் போர்டுல இருக்கு, குடுத்தவரோட வாட்ஸப் ஸ்டேட்டஸ்லயும் இருக்கு. காசு மட்டும் இன்னும் அக்கவுன்ட்ல ஏறல. அதுக்குள்ள கூடப் படிக்கிற பொண்ணுங்க "பத்தாயிரம் வந்துச்சே, ட்ரீட் எங்க"ன்னு கேக்குறாங்களாம். "அக்கா, நான் கேன்டீன் பக்கம் போறதையே விட்டுட்டேன்"னு போன்ல அழுறா. எனக்கு வயிறு எரியுது மக்களே.

நானும் ஸ்காலர்ஷிப்லதான் படிக்கிறேன், பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். புதுசா வந்தவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடுறேன். வீடு கோலார் தங்கவயல், காலேஜ் பெங்களூரு லாங்ஃபோர்ட் ரோட்ல இருக்கிற செயின்ட் ஜோசப்ஸ் யூனிவர்சிட்டி. இயேசு சபைன்னு ஒரு கத்தோலிக்கத் துறவற சபை, அந்த ஃபாதர்ஸ் நடத்துறது. 1882ல பிரெஞ்சு மிஷனரிங்க ஆரம்பிச்சது, 1937ல இயேசு சபைக்காரங்க கைக்கு வந்துச்சு. 2022 செப்டம்பர் 27, ஜனாதிபதி முர்மு வந்து யூனிவர்சிட்டியா தொடங்கி வச்சாங்க. எங்க லைன்ல வயசானவங்க இன்னும் "ஜோசப் காலேஜ்"னுதான் சொல்லுவாங்க.

எங்க தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல வேலை பாத்தவரு. 2001 பிப்ரவரி 28, சுரங்கத்தை மூடிட்டாங்க. அன்னையில இருந்து இந்த ஊருக்குச் சோறு போடுறது மாரிக்குப்பத்துல இருந்து பெங்களூரு போற ட்ரெயின்தான். அப்பா செக்யூரிட்டி வேலைக்குப் போறதும் அதுலதான், நான் படிக்கப் போறதும் அதுலதான். சாம்பியன், ஊர்காம், கோரமண்டல், பங்காருபேட்டைன்னு ஆளுங்க ஏறிட்டே இருப்பாங்க. பங்காருபேட்டை தாண்டினா கால் வைக்க இடம் இருக்காது. விடியறதுக்கு முன்னாடி வீட்டை விட்டுக் கிளம்புற பிள்ளை என்னத்த சாப்பிட்டுட்டு வரும், நீங்களே சொல்லுங்க.

அதனால எனக்குப் படிப்புக் கட்டணம் குறைஞ்சதை விடப் பெரிய விஷயம் மதிய சாப்பாடு. எங்க யூனிவர்சிட்டியில வசதி இல்லாத பிள்ளைங்களுக்கு மதிய சாப்பாட்டுத் திட்டம் இருக்கு. சாம்பார் சாதம் பத்தி ஒரு முழு வீடியோ போட்டிருக்கேன், மறுபடி ஆரம்பிக்கல. ஆனா ஒன்னு சொல்லணும். சாப்பாடு ஓசியா கிடைக்கிறது வேற, கூட உக்காந்து சாப்பிட ஆள் இருக்கிறது வேற. ஆரம்பத்துல நான் தட்டை வாங்கிட்டு ஓரமா சுவத்தைப் பாத்து உக்காருவேன். ஒரு நாள் என் கிளாஸ் பொண்ணு, மங்களூர்க்காரி, டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வந்து எதிர்ல உக்காந்தா. "உன் சாம்பார் குடு, என் நீர் தோசை எடுத்துக்கோ"ன்னா. எதுவும் விசாரிக்கல, பாவம் பாக்கல. அடுத்த வாரம் பாத்தா எங்க பெஞ்சுல இடமே இல்ல. யார் டப்பா வீட்ல இருந்து வந்தது, யார் தட்டு ஓசின்னு இப்ப யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. எனக்குக் காலேஜ் பிடிச்சுப்போனது அந்த பெஞ்சாலதான்.

ஆ, இந்த வாரத்து பெரிய சந்தோஷத்தைச் சொல்லாம எங்கயோ போறேன்! ட்ரெயின் பாஸ் வாங்கிட்டேன். இலவசம். காட்டுறேன் பாருங்க, நம்பரை மட்டும் விரலால மறைச்சுக்குறேன். பொண்ணுங்களா, இதை நல்லாக் கேட்டுக்குங்க. வீட்டுக்கும் காலேஜுக்கும் நடுவுல ட்ரெயின்ல போற பொம்பளப் பிள்ளைங்களுக்கு டிகிரி முடியிற வரைக்கும் செகண்ட் கிளாஸ் மாச சீசன் டிக்கெட் இலவசம். பசங்களுக்கு பன்னெண்டாவது வரைக்கும். இந்திய ரயில்வே விதி இது, யாரும் போடுற பிச்சை இல்ல. ஆனா கவுண்டர்ல போய் நின்னா என்ன சொல்றாங்க? "டிகிரிக்குப் பாதிக் காசும்மா." இல்ல சார், பொண்ணுங்களுக்கு டிகிரி வரைக்கும் ஃப்ரீ. "அப்படி எதுவும் இல்லம்மா, நகரு." பின்னாடி வரிசை நிக்குது, ட்ரெயின் வேற வரப்போகுது. நான் நகரல. சுற்றறிக்கையை போன்ல டவுன்லோட் பண்ணி வச்சிருந்தேன், காட்டினேன். அவரு கண்ணாடியை மேல ஏத்திட்டு மெதுவா, ரொம்ப மெதுவா படிச்சாரு. படிச்சு முடிச்சிட்டு, "சீல் தெளிவா இல்ல"ன்னு ஃபாரத்தைத் திருப்பிக் குடுத்துட்டாரு! மறுபடியும் காலேஜ் ஆபீஸ். அங்க இருக்கிற அக்கா சீலை இங்க் பேட்ல நல்லா அழுத்தி, முதல்ல ஒரு வேஸ்ட் பேப்பர்ல குத்திப் பாத்துட்டு, அப்புறம் ஃபாரத்துல குத்தினாங்க. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாத் தெரிஞ்சது. பத்திரமா ஃபைல்ல வச்சு எடுத்துட்டுப் போனேன். இந்தத் தடவை அவரு ஒன்னும் பேசல, பாஸ் கைக்கு வந்துடுச்சு. பெங்களூரு மெஜஸ்டிக் ஸ்டேஷன்ல இறங்கினா, 2023 ஜூன்ல இருந்து கர்நாடகாவுல பொம்பளைங்களுக்கு பஸ்ஸும் இலவசம். ஆக, வீட்ல இருந்து கிளாஸ் வரைக்கும் பத்துப் பைசா செலவில்ல. அப்பாகிட்ட சொன்னப்போ பாஸை வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஃபாரம் எப்படி எழுதணும்னு கமென்ட்ல பின் பண்றேன்.

இப்ப கொஞ்சம் கஷ்டமான விஷயம். இயேசு சபைக்காரங்க காலேஜ் எதுக்குப் போனாலும் "பிறருக்காக வாழணும்"னு ஒரு வார்த்தை காதுல விழும். அது ஃபாதர் பேத்ரோ அருப்பே சொன்னது. ஹிரோஷிமாவுல அணுகுண்டு விழுந்தப்போ பக்கத்துல இருந்தவரு, குருமடத்தையே ஆஸ்பத்திரியாக்கினவரு. பின்னாடி சபைக்கே தலைவரானாரு. 1973ல ஸ்பெயின்ல வலென்சியாவுல, அவங்க பள்ளிக்கூடங்கள்ல படிச்சவங்க முன்னாடி அந்தப் பேச்சைப் பேசினாரு. உங்க படிப்பு ஏழைங்களுக்குப் பயன்படலைன்னா அது என்ன படிப்புன்னு கேட்ட மாதிரிதான். அங்க இருந்தவங்கள்ல நெறையப் பேர் பணக்கார வீட்டுப் பிள்ளைங்க, சில பேருக்குக் கோவமே வந்துச்சாம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனா அந்த "பிறர்" எங்கயோ வெளியிலதான் இருக்காங்கன்னு நெனச்சுடுறாங்க பாருங்க, அதுதான் பிரச்சினை. அந்தப் பிறர்ல சில பேரு அதே கிளாஸ்ல, அதே பெஞ்சுல உக்காந்திருக்கோம்.

ஒரு தடவை கிளாஸோட ஒரு குடிசைப் பகுதிக்குப் போயிருந்தோம். ஒரு அம்மா வீட்டுக்குள்ள கூப்பிட்டு டீ குடுத்தாங்க. ஒரே ரூம், அதுலயே அடுப்பு, கட்டிலுக்கு அடியில தண்ணி ட்ரம். வெளிய வந்ததும் ஒரு பையன், நல்ல பையன்தான், "இதுக்குள்ள எப்படி இருக்காங்க"ன்னு இங்கிலீஷ்ல சொன்னான். நான் சொன்னேன், "எங்க வீடும் இதே அளவுதான்டா. எங்களுக்கு ட்ரம் கதவுக்குப் பின்னாடி இருக்கும்." அவன் முகம் சுருங்கிப்போச்சு. எனக்கு அவன்மேல கோவம் வரல, உண்மையாச் சொல்றேன். அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். திரும்பி வர்றப்போ பஸ்ல பக்கத்துல வந்து உக்காந்து, தங்கவயல் லைன் வீடுங்க பத்திக் கேட்டான். தாத்தா காலத்துல எல்லாம் மூங்கில் தட்டி வீடு, 1902லயே சிவசமுத்திரத்துல இருந்து சுரங்கத்துக்குக் கரன்ட் வந்துச்சு, ஆனா தொழிலாளி வீட்ல விளக்கெரிய எவ்வளவோ வருஷம் ஆச்சுன்னு சொல்லிட்டே வந்தேன். அவன் போன மாசம் நம்ம வீட்டுக்கு வந்தான். அந்த வீடியோல முட்டை தோசை சாப்பிட்டானே, அவனேதான்!

இன்னொன்னு விட்டுட்டேன், நடுவுல சொல்லியிருக்கணும். "கிறிஸ்டியன் காலேஜ்ல மதம் மாறச் சொல்லலையா"ன்னு கமென்ட்ல கேட்டுட்டே இருக்கீங்க. எங்க குடும்பம் பௌத்தம். தமிழ் பௌத்தத்தைப் பரப்பின அயோத்திதாசப் பண்டிதர் காலத்துலயே மாரிக்குப்பத்துல பௌத்த சங்கம் இருந்துச்சு, அந்த வழியில வந்தவங்க நாங்க. என்னை ஒருத்தரும் மாறச் சொல்லல. ஃபாதர் அம்ப்ரோஸ் பின்டோன்னு ஒருத்தர் முன்னாடி இந்தக் காலேஜுக்கு பிரின்சிபாலா இருந்தாரு. தலித் உரிமை பத்தி நெறைய எழுதினவரு, 2018ல தவறிட்டாரு. எங்க லைன்ல எனக்கு முன்னாடி அங்க படிச்ச அண்ணனுங்க அவர் பேரைச் சொல்றப்போ ஒரு மரியாதை இருக்கும். நான் அவரைப் பாத்ததில்ல, பாத்திருக்கணும்னு ஆசை.

அருப்பே பத்திச் சொன்னேன்ல, அவர் பேர்லயே சிகாகோவுல ஒரு காலேஜ் இருக்கு. லயோலா யூனிவர்சிட்டி 2015ல ஆரம்பிச்ச அருப்பே காலேஜ், ரெண்டு வருஷப் படிப்பு, வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்காக. அங்கயும் பிள்ளைங்க வீட்ல இருந்துதான் வந்து போறாங்க. அவங்களுக்குக் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் காலேஜே குடுக்குது. படிச்சப்போ எனக்கு ஒரே சந்தோஷம், தெரியுமா? பசியோட வர்ற பிள்ளை கூட்டத்துல ஒட்டாதுன்னு அங்க யாரோ யோசிச்சிருக்காங்க. எங்களை மாதிரி ட்ரெயின் பிள்ளைங்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கு. ஃப்ரெண்ட்ஸ் கூட்டம், ரிகர்சல், பிறந்தநாள், எல்லாமே சாயங்காலம். சாயங்காலம் எனக்கு ட்ரெயின். வீதி நாடகம் போட்டோமே, அதுக்கு ரிகர்சல் அஞ்சு மணிக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க, நான் வரலன்னுட்டேன். மங்களூர்க்காரி விடல. "அப்போ லஞ்ச்ல பண்ணுவோம், எல்லாரும் சீக்கிரம் சாப்பிடுங்க"ன்னா. ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க, இருந்தாலும் வந்தாங்க. நான் அந்த நாடகத்துல நடிச்சது அதனாலதான். இதுக்கு யாருக்கும் ஒரு ரூபா செலவாகல.

இதைத்தான் அந்த ட்ரஸ்ட்காரங்ககிட்டச் சொல்லணும்னு இருக்கு. நீங்க குடுக்கிற பத்தாயிரம் பெருசுதான், எங்க வீட்டுக்கு மாசக்கணக்குல மளிகை. அதை அக்கவுன்ட்ல போடுங்க. மார்க்ஷீட் கேளுங்க, வருமானச் சான்று கேளுங்க, ஒழுங்காப் படிக்கிறாளான்னு செமஸ்டருக்கு ஒருதரம் பாருங்க, தப்பே இல்ல. ஆனா கிளாஸ்ல எல்லாரையும் மாதிரி ஒருத்தியா உக்காந்திருந்தவளை எழுப்பி மேடையில நிக்க வச்சிட்டா, திரும்ப வந்து அதே பெஞ்சுல அவ எப்படி உக்காருவா? கணக்கு காட்டப் போட்டோ வேணும்னு சொல்றாங்களாம். பேங்க் ரசீது கணக்கு இல்லையா?

நேத்து ராத்திரி அவளும் நானும் போன்ல உக்காந்து ஒரு லெட்டர் எழுதினோம். திட்டல. "நோட்டீஸ் போர்டுல இருக்கிற போட்டோவை எடுத்துடுங்க, அடுத்த வருஷம் அப்பா வேலையை மைக்ல படிக்காதீங்க, தொகை எப்போ வரும்னு சொல்லுங்க", இவ்வளவுதான். கூட மேடையில நின்ன பிள்ளைங்க சில பேர் கையெழுத்துப் போடுறேன்னு சொல்லியிருக்காங்க. நாளைக்குக் குடுக்கப் போறா. என்ன பதில் வந்தாலும் அடுத்த வீடியோல சொல்றேன். உங்க காலேஜ்லயும் இப்படி மேடை இருந்தா எப்படிச் சமாளிச்சீங்கன்னு எழுதுங்க, அவளுக்குப் படிச்சுக் காட்டுறேன். சரி, எங்க லைன்ல தண்ணி வந்துடுச்சு, அம்மா கூப்பிடுறாங்க. வரேன்.