சொத்திலும் பங்கு, தீட்டிலும் பங்கு

(உலகச் சுற்றுலா தினத்தையொட்டி, கோவையில் சுற்றுலாத் துறை மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் தலைப்பை 'நிலையான சுற்றுலாவில் பங்குதாரர்களின் பங்கு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒரே வரியில் இரண்டு பங்கு. பங்குதாரர் என்றதும் எனக்குக் கம்பெனிப் பத்திரம் வாங்கியவர்தான் நினைவுக்கு வருகிறார். நம்மிடம் அதைவிடப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: பங்காளி.

சிரிக்கிறீர்கள். வரப்புத் தகராறு எல்லோர் வீட்டிலும் உண்டு போலிருக்கிறது. ஆனால் பங்காளி முறையில் ஒரு நேர்மை இருக்கிறது. தாத்தா சொத்தில் அவருக்குப் பங்கு உண்டு. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தீட்டிலும் பங்கு உண்டு. கோயிலுக்குப் போக முடியாது, வீட்டுக் கல்யாணம் தள்ளிப்போகும். சொத்து எனக்கு, தீட்டு உனக்கு என்று எந்தப் பங்காளியும் சொல்லிவிட முடியாது. இந்த ஒரு அளவுகோலை எடுத்துக்கொண்டு, இங்கிருந்து தெரிகிற நீலகிரிக்குப் போவோம்.

2011 கணக்கெடுப்பின்படி அந்த மாவட்டத்தில் இருப்பவர்கள் சுமார் 7.35 லட்சம் பேர். சீசன் நாட்களில் ஒரே நாளில் ஏறக்குறைய 20,000 வண்டிகள் மலையேறுகின்றன என்று அரசே உயர் நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. குன்னூரில் என் உறவினர் ஒருவர் டயாலிசிஸுக்காகக் கோவைக்கு வந்துபோகிறவர். மே மாதத்தில் மட்டும் அவர் விடியற்காலை மூன்றரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். பர்லியார் பாதையில் மாட்டிக்கொண்டால் அன்றைய சிகிச்சை போச்சு. மலர்க் கண்காட்சியால் அவருக்கு ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. தீட்டு மட்டும் அவர் பங்கு.

2024 ஏப்ரல் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அப்போது எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை, விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது. எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதுதான் முதல் நோக்கம். இத்தனை ஆண்டுகளாக ஒரு மலைக்கு வருகிறவர்களை நாம் ஒழுங்காக எண்ணக்கூட இல்லை என்பதே எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. மலையின் தாங்கு திறனை, அதாவது எத்தனை பேரையும் வண்டிகளையும் அது தாங்கும் என்பதை, ஆராயும் வேலையும் பெரிய கல்வி நிறுவனங்களிடம் போனது. 2025 சீசனுக்கு வரம்பும் வந்துவிட்டது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

வியாபாரிகள் கொதித்தார்கள். அந்த ஏப்ரல் தொடக்கத்தில் நீலகிரியில் கடையடைப்பு நடந்தது. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வர்க்கி விற்கிறவரும் வேன் ஓட்டுகிறவரும் ஆண்டு முழுக்கச் சாப்பிடுவது அந்த இரண்டு மாத வருமானத்தில். குறைத்தால் யாருடைய பங்கு எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியவர்கள் அரசும் உள்ளாட்சியும் விடுதிக்காரர்களும். அவர்கள் பேசாமல் விட்டதால் நீதிபதிகள் போக்குவரத்துக் காவலர் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. பங்காளிகள் பேசித் தீர்க்காத சொத்து கோர்ட்டுக்குத்தானே போகும்?

சரி, கோர்ட்டுக்குப் போனதில் உருப்படியாக முடிந்த ஒன்றைச் சொல்கிறேன். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த கதை.

காட்டோரம் குடித்துவிட்டு பாட்டிலை வீசி எறிவார்கள். உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறும். யானையின் உள்ளங்கால் பார்க்கத்தான் முரடு. காயம்பட்டுச் சீழ் வைத்தால் அது நடக்க முடியாது, நடக்காத யானை பிழைக்காது. 'குப்பை போடாதீர்' பலகையெல்லாம் எத்தனையோ ஆண்டாக நின்றுகொண்டுதான் இருந்தது. 2022 மே மாதம், உயர் நீதிமன்றம் நெருக்கியதால், நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல். காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் கையில். அவ்வளவுதான். குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும் இன்னொருவர் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிடுவார், பணமாயிற்றே. திட்டம் பலன் தந்ததால் மற்ற மலைப் பகுதிகளுக்கும், பிறகு மாவட்டம் மாவட்டமாகவும் விரிவாக்கினார்கள்.

பலகை சாதிக்காததைப் பத்து ரூபாய் சாதித்தது. தீட்டில் குடித்தவருக்கு ஒரு பங்கு, விற்ற அரசுக்கு ஒரு பங்கு என்று எழுதிவிட்டார்கள், அதுதான் விஷயம். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. காலிப் பாட்டிலை வாங்கி, ஸ்டிக்கர் பார்த்து, அடுக்கி வைக்கிற வேலை கடை ஊழியர் தலையில் விழுந்தது. இடமில்லை, ஆளில்லை என்று அவர்கள் போராடினார்கள். நியாயம்தான். பங்கு பிரிக்கும்போது கூட்டத்தில் கடைசியாக நிற்பவரை நாம் எப்போதும் மறந்துவிடுகிறோம்.

அப்புறம் சீகூர். முதுமலையை ஒட்டிய அந்தப் பீடபூமி யானைகள் இடம்பெயரும் வழித்தடம். 2010ல் அரசு அதை அறிவித்தது, 2011ல் உயர் நீதிமன்றம் ஏற்றது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இடையில், 2018ல், அனுமதியில்லாத விடுதிகளைப் பூட்டி முத்திரை வைக்கவும் உத்தரவானது. இவ்வளவுக்குப் பிறகும், 2021 ஜனவரியில், மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த ஒரு யானையின் மேல் எரிகிற டயரை வீசிய காட்சியைப் பார்த்தோம். அந்த யானை இறந்துபோனது. அங்கே அறை எடுக்கிறவர்கள் எதற்காக எடுக்கிறார்கள்? யானை பார்க்க.

மலையின் பழங்குடிகளை நான் கடைசியில் சொல்வதே ஒரு தவறுதான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் – அந்த மலைக்கு மூத்த பங்காளிகள். தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் எம்பிராய்டரிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வடிவத்தை மெஷினில் அடித்து மலிவாக விற்பதும் நடக்கிறது. வாங்கும்போது 'இதை யார் தைத்தார்கள்?' என்று கேளுங்கள். கடைக்காரர் முழிப்பதிலேயே பதில் தெரிந்துவிடும்.

கம்பத்துக்கு மேலே, தேக்கடியில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். பெரியார் புலிகள் காப்பகத்தில் 1990களின் பிற்பாதியில், பட்டை உரித்தும் வேட்டையாடியும் பிழைத்தவர்களையே வனத்துறை கூப்பிட்டு, வழிகாட்டிகளாக்கியது. காட்டின் குறுக்குவழியெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தானே. பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சம்பாதித்தார்கள், அதே நடையில் காட்டுக்குக் காவலும் இருந்தார்கள். காடு போனால் வருமானமும் போகும் என்று ஆனபிறகு அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. எல்லா ஊருக்கும் இதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஊட்டியின் கூட்டம் வேறு, தேக்கடியின் கூட்டம் வேறு. ஆனால் உங்களில் யாராவது நாளைக்கு விடுதி மேலாளராகவோ சுற்றுலா அதிகாரியாகவோ உட்கார்ந்தால், ஒரு திட்டம் மேசைக்கு வரும்போது தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் லாபம் யாருக்கு, வலப்பக்கம் தண்ணீர்த் தட்டுப்பாடும் நெரிசலும் குப்பையும் யாருக்கு. இரண்டு பக்கமும் ஒரே பெயர்கள் வருகின்றனவா என்று பாருங்கள்.

பயணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று முன்வரிசையில் ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊட்டி போகிறாராம், இ-பாஸ் வாங்கச் சிரமமா என்றும் கேட்டிருக்கிறார். இல்லை தம்பி, இணையத்தில் விண்ணப்பித்தால் போதும். அரசுப் பேருந்தில் போனால் அதுவும் தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறுங்கள், தண்ணீருக்கு வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் பாட்டில். ஸ்வெட்டரை மறந்துவிடாதீர்கள்.