கையெட்டும் இடத்தில் ஒலி

நேயர்களுக்கு வணக்கம். மெல்லிசைக் கச்சேரிக்குப் போனால் கீபோர்டு வாசிப்பவரின் இடது கையைக் கொஞ்சம் கவனியுங்கள். வாசிப்புக்கு நடுவே சட்டென்று மேலே போய் ஒரு பட்டனைத் தட்டிவிட்டுத் திரும்பும். அந்த ஒரு தட்டலில் வயலின் கூட்டம் போய், புல்லாங்குழல் வந்திருக்கும். அந்தத் தட்டலுக்காக வீட்டிலேயே செய்து வைக்கிற முன்தயாரிப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சினிமாப் பாட்டு ஒலிப்பதிவாகும்போது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஆள் உட்கார்ந்து வாசித்திருப்பார்கள். நம் மேடையில் இருப்பது ஒரு கீபோர்டு, மிஞ்சினால் இரண்டு. 80களின் பாட்டு ஒன்றை எடுத்தால் முகப்பிசைக்கு ஸ்ட்ரிங்ஸ் என்கிற வயலின் கூட்டம், பல்லவிக்கு எலக்ட்ரிக் பியானோ, நடுவில் புல்லாங்குழல் பிட், சரணத்துக்கு முன் சிதார் என்று ஒருவரே மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஓடுகிற பாட்டில் ஒரு தட்டு என்பது அரை நொடி. ஸ்ட்ரிங்ஸ் முடிந்து குழல் தொடங்க, பல பாட்டுகளில் அவ்வளவுதான் இடைவெளி. அந்த அரை நொடியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தேட வேண்டி வருவதற்குக் காரணம், கீபோர்டுக்குள் ஒலிகள் அடுக்கப்பட்டிருக்கும் விதம். 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 வந்தபோது அதன் உள்நினைவில் இருந்தவை 32 ஒலிகள். அதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். 1991-ல் ஜெனரல் மிடி என்ற பொதுவரிசை வந்தது. 128 ஒலிகள், குடும்பத்துக்கு எட்டு வீதம் பதினாறு குடும்பங்கள். அதில் எலக்ட்ரிக் பியானோ 5, ஸ்ட்ரிங்ஸ் 49, புல்லாங்குழல் 74, சிதார் 105, ஷெனாய் 112. கடையில் பொருள் தேடுகிறவருக்கு இது நல்ல வரிசை. பாட்டு வாசிக்கிறவருக்கு இது உதவாது. பாட்டு குடும்பம் குடும்பமாகப் போவதில்லை. 49-லிருந்து 5, அங்கிருந்து 74, பிறகு 105 என்று தாவுகிறது. இன்றைய கீபோர்டுகளில் ஆயிரத்துக்கு மேல் ஒலிகள் இருக்கின்றன. கம்பெனி வைத்த வரிசையை அப்படியே நம்பி மேடை ஏறக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடுக்கு பாட்டின் வரிசையில் இருக்க வேண்டும்.

வேண்டிய ஒலிகளை முன்கூட்டியே பட்டன்களில் சேமித்து வைக்க யமஹாவில் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கிறது, கோர்க் க்ரோனோஸில் செட் லிஸ்ட் இருக்கிறது. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. யமஹாவின் பிஎஸ்ஆர் எஸ் வரிசை கீபோர்டுகளில் எட்டு பட்டன். இந்தப் பட்டன்களின் ஒரு தொகுப்புதான் பேங்க். ஒரு பாட்டுக்கு ஒரு பேங்க். பாட்டில் எது முதலில் வருகிறதோ அது முதல் பட்டன், அடுத்து வருவது இரண்டாவது. கண்ணால் பார்க்காமல், விரல் இடமிருந்து வலமாக நகர்ந்தால் போதும். அதே ஸ்ட்ரிங்ஸ் பாட்டின் கடைசியில் மறுபடி வந்தால், முதல் பட்டனுக்குத் திரும்பிப் போகாமல் ஆறாவதிலும் அதையே இன்னொரு முறை வைத்துவிடுங்கள். இடம் வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம். பட்டன் வரிசையைக் காலால் மிதித்தே முன்னேற்றும் வசதி இருந்தால், கைக்கு இந்த வேலையும் இல்லை.

ஆனால் ஒலியை மாற்றாமலே சமாளிக்க முடிந்தால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. 61 கட்டை கீபோர்டில் ஐந்து ஸ்தாயி இருக்கிறது. கீழ் மூன்றில் ஸ்ட்ரிங்ஸ், மேல் இரண்டில் புல்லாங்குழல் என்று ஸ்பிளிட் செய்துவிட்டால், இடது கை கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்களை, பிடித்தபடி இருக்க, வலது கை குழல் பிட்டை வாசித்துவிடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பழைய கீபோர்டுகள் பலவற்றில் பட்டனைத் தட்டியதும் எதிரொலி போன்ற எஃபெக்டும் சேர்ந்து மாறுவதால், ஒலித்துக்கொண்டிருந்த ஸ்ட்ரிங்ஸின் வால் பட்டென்று அறுந்துவிடும். கேட்கிறவருக்கு அது நன்றாகவே தெரியும். ஸ்பிளிட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

அடுத்தது சத்தத்தின் அளவு. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டில் ஹெட்ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சமமாக வைப்பார்கள். மேடையில் பெரிய ஸ்பீக்கரில் ஷெனாய் காதைக் கிழிக்கும், பின்னணியில் நீண்டொலிக்கும் பேட் காணாமல் போகும். அதனால் ஒத்திகையை ஸ்பீக்கரிலேயே வைத்து, பாடகர் பாடும்போதே ஒலிகளின் அளவைச் சரிசெய்ய வேண்டும். ஒரே ஸ்ட்ரிங்ஸை இரண்டாகச் சேமித்து வைப்பது என் பழக்கம்: இடையிசையான பிஜிஎம்முக்கு நிமிர்ந்த ஒன்று, சரணத்தில் பாடகருக்குக் கீழே அடங்கிப் போகிற இன்னொன்று. வீலைத் திருப்பிச் சுரத்தை வளைக்கிற பிட்ச் பெண்டும் அப்படித்தான். குழலுக்கு இரண்டு அரைச்சுரம் போதும் என்றால் அதை அந்த ஒலியோடு சேர்த்தே சேமியுங்கள். கமகம் பிடிக்கும் நேரத்தில் வீல் எவ்வளவு வளையும் என்ற சந்தேகம் வரக்கூடாது.

சுருதி விஷயம் ஒன்று இருக்கிறது, இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பாடகர் மேடையில் வந்து, "இன்னைக்குத் தொண்டை சரியில்ல, அரைக் கட்டை இறக்கிக்கங்க" என்பார். நீங்கள் மொத்தச் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை ஒன்று குறைத்துத் தொடங்குகிறீர்கள். முகப்பிசை சரியாகப் போகும். பல்லவிக்கு இரண்டாவது பட்டனைத் தட்டியதும், அதில் பழைய சுருதி சேமிக்கப்பட்டிருப்பதால் கீபோர்டு மட்டும் அரைச்சுரம் மேலே ஏறிவிடும். கிடாரும் பாடகரும் ஒரு சுருதி, நீங்கள் வேறு சுருதி. யமஹாவில் இதற்காகவே ஃப்ரீஸ் என்றொரு பட்டன் இருக்கிறது. டிரான்ஸ்போஸை அதில் சேர்த்துப் போட்டுவிட்டால், எந்தப் பட்டனைத் தட்டினாலும் ஒலி மாறும், சுருதி அசையாது. வேறு கீபோர்டு வைத்திருப்பவர்கள், சுருதியை ஒலியோடு சேர்த்துச் சேமிக்காமல் பொதுவில் மாற்றும் வழி எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

சரி, இவ்வளவும் பாட்டு வரிசை முன்கூட்டியே தெரிந்தால். கோயில் திருவிழாவில், கல்யாண வரவேற்பில் துண்டுச் சீட்டு வந்துகொண்டே இருக்கும். ஒத்திகை பார்க்காத பாட்டைப் பாடச் சொல்வார்கள். அதற்கென்று ஒரு பொது பேங்க் கட்டாயம் வேண்டும். ஸ்ட்ரிங்ஸ், பியானோ, குழல், சிதார், பிராஸ், ஆர்கன், பேட், ஒரு சிந்த் லீட். அஞ்சறைப்பெட்டியில் கடுகும் சீரகமும் இடம் மாறாதது போல, இந்த எட்டும் எந்தக் காலத்திலும் இடம் மாறக்கூடாது. புதிதாக நல்ல ஒலி கிடைத்தால் அதை வேறு பேங்கில் வையுங்கள், இதில் கை வைக்காதீர்கள். பாட்டு பேங்குகளுக்குப் பல்லவியின் முதல் சொல்லையே பெயராக வைத்து அகர வரிசையில் அடுக்கினால், சீட்டைப் பார்த்த உடனே தேடி எடுத்துவிடலாம்.

கடைசியாக மின்சாரம். ஜெனரேட்டர் மாற்றும்போது ஒரு கணம் கரண்ட் போனாலும் கீபோர்டு அணைந்து எழும். வொர்க்ஸ்டேஷன் எனப்படும் பெரிய கீபோர்டுகள் சில எழுவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பாட்டு பாதி போய்விடும். கீபோர்டுக்கென்று தனியாக ஒரு சிறிய யுபிஎஸ் வைத்துக்கொள்வது நல்லது. மேடையில் செய்த மாற்றத்தைச் சேமிக்காமல் அடுத்த ஒலிக்குப் போனால் அது அழிந்துவிடும், அதனால் மாற்றிய கையோடு சேமித்துவிடுங்கள். அப்புறம் எல்லா பேங்குகளும் இரண்டு பென் டிரைவில் இருக்கட்டும்: ஒன்று உங்கள் பையில், இன்னொன்று வீட்டில்.

நன்றி, வணக்கம்.