பழுத்த குடைமிளகாயே சத்தில் மேல்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, வெள்ளவத்தையில் கூடியிருக்கும் அவையோரே, வணக்கம். குடைமிளகாயில் சத்து மிகுந்தது பச்சையா சிவப்பா என்ற வழக்கில், பழுத்த சிவப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

சிவப்பு என்பது கண்ணைக் கவரும் நிறம் மட்டுமே, அதில் சீனி அதிகம், விலையும் அதிகம் என்றார் எதிரணித் தலைவர். நிறத்திலிருந்தே தொடங்குகிறேன். செடியில் முற்ற விடப்படும் காயில் பச்சையம் சிதைந்து, கரோட்டின் வகை நிறமிகள் பெருகுவதாலேயே அது சிவக்கிறது. அவற்றுள் சிலவற்றை நமது உடல் விட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. நூறு கிராம் பச்சையில் அந்த விட்டமின் ஏறத்தாழ 18 மைக்ரோகிராம் என்றால், அதே அளவு சிவப்பில் 157. விட்டமின் சீ பச்சையில் ஏறத்தாழ 80 மில்லிகிராம், சிவப்பில் 128. தோடம்பழத்தில் 53 தான் என்பதால் பச்சையையும் நான் இகழவில்லை; ஆனால் இங்கே கேட்கப்படுவது எது மேல் என்பதே.

ஹங்கேரியின் செகெட் நகரில் ஆய்வு செய்த ஆல்பர்ட் சென்ட் ஜோர்ஜி, முன்னர் மாட்டின் சுரப்பிகளிலிருந்து சொற்பமாகவே பெற முடிந்த விட்டமின் சீயை, 1930களின் தொடக்கத்தில் குடைமிளகாயின் இனத்தைச் சேர்ந்த பாப்ரிகா மிளகாயிலிருந்து கிலோக்கணக்கில் பிரித்தெடுத்தார். 1937 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சீனியைப் பொறுத்தவரை, நூறு கிராமில் பச்சைக்கு 2.4 கிராம், சிவப்புக்கு 4.2 கிராம். வேறுபாடு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. (இடைவேளையில் எதிரணி நண்பர்கள் அருந்திய பிளேன்டீயை நான் கணக்கில் எடுக்கவில்லை.)

சமைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பதும் முழு உண்மையன்று. விட்டமின் சீ நீரில் கரைவது, வெப்பத்தில் சிதைவது; ஆகவே அவித்து நீரை வடித்தால் இழப்பு பெரிது. நமது கடைகளில் டெவல் செய்வதுபோல் பெரும் நெருப்பில் சில நிமிடம் எண்ணெயில் பிரட்டினால் இழப்பு குறைவு. அந்த எண்ணெய் கரோட்டின் உடலில் சேரவும் துணைபுரியும். சமைக்காமலே சம்பலில் அரிந்து பருப்புக் கறியோடு உண்டால், பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கும் அந்த விட்டமின் சீ உதவும்.

விலை மட்டுமே எஞ்சுகிறது. நுவரெலியாப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் கூடுதல் வாரங்கள் காத்து, அழுகலுக்கும் பூச்சிக்கும் தப்பவைத்துப் பறிப்பதால் சிவப்பின் விலை ஏறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட்டமின் ஏ எட்டு மடங்குக்கு மேல் கூடுகிறதே, விலையும் எட்டு மடங்கு கூடுகிறதா என்பதற்கு அடுத்துப் பேச வரும் எதிரணியினர் விடை சொல்லட்டும்.