வாழ்க்கையின் திசையைத் தீர்மானிப்பது விதியா, நம் முடிவா? ‘நம் முடிவே’ அணியின் உரை

நடுவர் ஐயாவுக்கும் இரண்டு அணியினருக்கும், இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

நேராக எதிரணி அண்ணனிடம் வருகிறேன். அவர் என்ன சொன்னார்? “வாழ்க்கை ஒரு பேருந்து. ஓட்டுவது மேலே இருப்பவன். தங்கச்சி வேண்டுமானால் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடலாம், ஸ்டியரிங் கைக்கு வராது” என்றார். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

அண்ணே, உங்கள் ஊருக்கு பஸ் வருகிறது, பேசுகிறீர்கள்! நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். டவுன் எட்டு கிலோமீட்டர். அம்மா கத்தரிக்காய்க் கூடையோடு புளியமரத்தடியில் நிற்பார். பஸ் வந்தால் வியாபாரம், வராவிட்டால் வாடிய காயோடு வீடு. வந்த பஸ்ஸும் கூடையைப் பார்த்துவிட்டு நிற்காமல் போன நாட்கள் உண்டு. உங்கள் கணக்குப்படி அம்மா இன்னும் அந்தப் புளியமரத்தடியில்தான் நின்றிருக்க வேண்டும்.

1991-இல் எங்கள் மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் அதோடு சேர்த்தார். ஊரே சிரித்தது. அப்பத்தா, “சேலை கட்டினவளுக்கு எதுக்குடி சைக்கிளு?” என்று வாசலிலேயே மறித்தார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனார். கண்மாய்க் கரை, வாடகை சைக்கிள், பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒரு அறிவொளிப் பெண் தொண்டர். முதல் நாள் குரங்குப் பெடல். இரண்டாம் நாள் சீட்டில் ஏறிவிட்டார். ஏறியவருக்கு வளைக்கத் தெரியவில்லை. எதிரே ஒரு வைக்கோல் போர். “அக்கா, வைக்கோல் போரைப் பாக்காதீங்க!” என்று அந்தப் பெண் கத்துகிறார். அம்மா அதைத்தான் பார்க்கிறார். சைக்கிள் நேரே உள்ளே போய்விட்டது. அம்மாவைக் காணோம், சக்கரம் மட்டும் வெளியே சுற்றுகிறது!

மூன்றாம் நாளும் அதே வைக்கோல் போர். வேடிக்கை பார்க்க மாடு மேய்ப்பவர்கள்கூட வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான்காம் நாள் அந்தத் தொண்டர் சொன்னாராம்: “அக்கா, கண்ணு எங்க போகுதோ ஹேண்டில்பார் அங்கதான் போகும். நீங்க போக வேண்டிய இடத்தைப் பாருங்க.” அம்மா கண்ணைத் தூக்கி டவுன் ரோட்டைப் பார்த்தார். வைக்கோல் போர் பக்கத்தில் ஒதுங்கிப் போனது. ஒதுங்கியது வைக்கோல் போரா? இல்லை ஐயா, அம்மா ஒதுக்கிவிட்டு வந்தார். அண்ணே, அந்த வைக்கோல் போர்தான் நீங்கள் சொல்லும் விதி. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள்தான் போய் விழுவோம்.

1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்தபடி புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. சரி, ஜென்ட்ஸ் சைக்கிளே போதும் என்று வாங்கினார்கள். அதில் ஒரு வசதி, முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம்.

அந்தப் பாரில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான்.

எனக்கு ஆறு வயது. அப்பா வெளியூரில். இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சல் ஏறி எனக்குக் கண் சொருகிவிட்டது. பஸ் கிடையாது. அப்பத்தா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னைத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, பாரில் உட்கார வைத்தார். டைனமோ வெளிச்சம் ஒரு கை அகலம். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. என் உச்சந்தலையில் அம்மாவின் மூச்சு சுட்டது இன்றும் நினைவிருக்கிறது. போகும்போது ஒன்று சொன்னார்: “தூங்கிடாத தங்கம். மணியை அடிச்சுக்கிட்டே வா. மணி நின்னா அம்மாவுக்குப் பயமா இருக்கும்.”

சைக்கிள் ஓட்டக் கூடாது என்று மறித்த அப்பத்தாவுக்கு அன்று விடிந்ததும் அம்மா முதலில் சொன்னது, “பேத்தி பொழச்சுட்டா அத்தை” என்பதுதான். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. அந்த சைக்கிளுக்கு விபூதி பூசினார்.

நடுவர் ஐயா மணி அடிக்கிறார். ஒரு நிமிடம் ஐயா.

எத்தனை முறை அடித்தேனோ, எனக்கு எண்ணத் தெரியாத வயது. விரல் சோர்ந்தது. மணி தாமதமானால் அம்மாவின் மிதி வேகமாகும். அதற்காகவே மறுபடி அடித்தேன்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள். நான் நிறுத்திக்கொள்கிறேன் ஐயா. அன்றைக்கு மட்டும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நிறுத்தவே இல்லை. வணக்கம்.