மூன்றாவது குமிழ்

நடுவர் அவர்களே, வணக்கம். பொருளால் வரும் மகிழ்ச்சி வாங்குவதிலா, செய்வதிலா என்பது தலைப்பு. செய்வதில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, "நாற்பது ரூபாய்ப் பொருளுக்காக 3டி பிரிண்டர் முன்னால் நாலு மணி நேரம் உட்காருவது ஒரு பிழைப்பா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி அம்மா, அந்தப் பொருள் கடையில் இல்லாவிட்டால்?

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினின் குமிழ் உடைந்தது. "அந்த மாடலே நின்னுபோச்சு சார், பேனலோட மாத்தணும்" என்றார் கடைக்காரர். மூன்று வாரம் அம்மா கட்டிங் பிளேயரை வைத்துத் திருப்பினார்.

அப்புறம் நானே செய்யலாம் என்று இறங்கினேன். பிரிண்டர் மந்திரப்பெட்டி அல்ல, நடுவர் அவர்களே. நம் இடியாப்ப அச்சை 200 டிகிரிக்குச் சூடாக்கிக் கணினி கையில் கொடுத்தால் அதுதான். மாவு என்று சொன்னாலும் தப்பில்லை, பி.எல்.ஏ. என்ற அந்தப் பிளாஸ்டிக்கை மக்காச்சோள மாவுச்சத்திலிருந்தே எடுக்கிறார்கள். 0.2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காகப் பிழியும். 2 சென்டிமீட்டர் உயரக் குமிழுக்கு 100 அடுக்கு.

முதல் குமிழ் தண்டில் ஏறவே இல்லை. வரைந்த அளவைவிடத் துளை கொஞ்சம் சிறுத்துத்தான் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அரை மில்லிமீட்டர் கூட்டினேன், இரண்டாவது லொடலொட. மூன்றாவதற்கு 0.2 மட்டும் கூட்டினேன். 'டக்' என்று உட்கார்ந்தது பாருங்கள், அந்தச் சத்தத்தை எந்தக் கடை விற்கிறது?

"பணக்காரர் வீட்டுப் பொம்மை" என்றார் எதிரணியின் இன்னொரு நண்பர். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-ல் தொடங்கிய ரெப்ராப் திட்டம் பிரிண்டரின் வரைபடங்களையே இலவசமாகக் கொடுத்தது. 2008-ல் அந்த இயந்திரம் தன் குட்டிக்கான பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சடித்துப் பெற்றெடுத்தது! புனே பக்கத்துப் பாபல் கிராமத்து விஞ்ஞான ஆசிரமத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் துணையோடு 2002-லேயே ஃபேப் லேப், அதாவது வேண்டிய பொருளை நாமே கணினியில் வரைந்து செய்துகொள்ளும் பட்டறை, வந்துவிட்டது. பாலின் தரம் பார்க்கும் கருவியை அந்தக் கிராமத்தில் செய்து பார்த்தார்கள். பொம்மையா இது?

மணியை நோக்கி நடுவர் கை போகிறது, முடித்துவிடுகிறேன். குமிழைத் திருப்பிப் பார்த்த அம்மா, "நல்லாத்தான் இருக்கு, அது ஏன்டா பச்சைக் கலர்?" என்று மட்டும் கேட்டார். கையில் இருந்த பிளாஸ்டிக் இழைச் சுருள் அதுதான், என்ன செய்ய? ஆனால் இப்போது வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் இழுத்துப் போய் அந்தக் குமிழைக் காட்டுகிறார். விலை கொடுத்து வாங்கிய மெஷினை அவர் ஒருவருக்கும் காட்டியதில்லை, நடுவர் அவர்களே.