அழவைத்தது கலையா, குணமா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"மறைந்த கலைஞருக்காக மக்கள் வடிக்கும் கண்ணீர் அவருடைய கலைத்திறனுக்கா, மனிதப் பண்புக்கா?" என்ற இந்தப் பட்டிமன்றத்தில், பண்புக்கே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "நடிக்காமல், பாடாமல் இருந்திருந்தால் அவர்கள் யாரென்றே நமக்குத் தெரிந்திருக்காது, ஆகவே அழுகையும் கலைக்குத்தான்" என்றார். கலையால்தான் அவர்களை அறிந்தோம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, ஒருவரை எப்படி அறிந்தோம் என்பது வேறு, அவர் போனபோது எதை இழந்தோம் என்பது வேறு.

2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பாலசுப்ரமணியம் மறைந்தார். அன்று இரவும் அவர் குரல் வீடுதோறும் ஒலித்தது, இன்றும் ஒலிக்கிறது. குரலை நாம் இழக்கவே இல்லை என்றால், அன்று நமக்குத் தொண்டை அடைத்தது எதற்காக? அந்த நாட்களில் கைப்பேசிக்குக் கைப்பேசி பகிரப்பட்ட காணொளி ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். சபரிமலையில் டோலியில் ஏறுவதற்கு முன், தம்மைச் சுமக்கப் போகும் தொழிலாளர்களின் கால்களைக் குனிந்து தொட்டு வணங்குகிறார். அதில் அவர் ஒரு வரிகூடப் பாடவில்லை. நான் அழுதது அதைப் பார்த்துத்தான்.

விஜயகாந்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்தபோது, கோயம்பேட்டிலும் மறுநாள் தீவுத்திடலிலும் திரண்ட கூட்டத்தை நாம் அனைவரும் பார்த்தோம். அவர் கதாநாயகனாக நடித்த 'விருதகிரி' வெளிவந்தது 2010-இல். அதற்குப் பிந்தைய 13 ஆண்டுகளில் அவர் உடல்நலம் குன்றியது. கணீரென்ற அந்தக் குரலும் தளர்ந்தது. அவர் படத்தைத் திரையரங்கில் முதல் நாள் பார்த்தே இராத இளைஞர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றார்களே, அவர்களை வரவழைத்தது எந்த நடிப்பு?

அவர்கள் கேட்டு வளர்ந்தது வேறு செய்தி. தியாகராய நகர் ராஜாபாதர் தெருவில் இருந்த அவருடைய அலுவலகத்தில், வாய்ப்புத் தேடி அலைந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள் என்ற செய்தி. நடிகருக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று என்று சாப்பாடு பிரிந்து கிடந்த படப்பிடிப்புத் தளத்தில், தாம் உண்பதையே எல்லோருக்கும் பரிமாறச் செய்தார் என்று அவரோடு பணியாற்றியவர்கள் மாறி மாறிச் சொன்ன செய்தி. இதைச் சிறியதென்று எண்ணிவிடாதீர்கள். விடியும் முன் வந்து கனத்த விளக்குகளைத் தூக்கி நிறுத்தி, கடைசி ஷாட் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டுப் போகிறவர் லைட்மேன். நாயகனின் தட்டில் விழுந்த அதே கறிக்குழம்பு அவர் தட்டிலும் விழும்போது, "நீயும் இந்தப் படத்தில் ஓர் ஆள்தான்" என்று சொல்லாமலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. பசியை மட்டும் ஆற்றும் சோறு அல்ல அது.

1986-இல் திரைப்படக் கல்லூரி மாணவர்களை நம்பி 'ஊமை விழிகள்' படத்தில் அவர் நடித்ததை எதிரணி நண்பர் கலைத்துணிச்சல் என்றார். அனுபவமில்லாத இளைஞர்களின் கையில் தம் பெயரையே ஒரு நாயகன் ஒப்படைத்ததை நான் பெருந்தன்மை என்பேன். நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலைநிகழ்ச்சிகள் நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்ததும் அதே குணத்தின் தொடர்ச்சிதான்.

விவேக் மறைந்த 2021 ஏப்ரலில், துக்கத்தோடு பலர் மரக்கன்று நட்டதையும் நினைவுபடுத்துகிறேன். அவருடைய நகைச்சுவையை நாம் எவ்வளவோ ரசித்தோம். ஆயினும் அஞ்சலி செலுத்தப் போன கைகள் தேடியது மண்ணைத்தான்.

பெரும் திறமையும் கடுமையான சுபாவமும் ஒருங்கே கொண்ட கலைஞர்களும் மறைந்திருக்கிறார்கள் என்பதை எதிரணியினர் அறிவார்கள். அவர்களைப் பற்றி நாம் கட்டுரை எழுதினோம், மதிப்போடு பேசினோம். திறமைக்கு உரிய கைதட்டலை அவர்கள் இருந்தபோதே கொடுத்துவிட்டதால், வீட்டில் ஒருவர் போய்விட்டதுபோல் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருக்கவில்லை.

நடுவர் அவர்களே, கோயம்பேட்டில் விஜயகாந்தின் நினைவிடத்தில் வருவோருக்கு உணவு வழங்கப்படுகிறது. மக்கள் அவருடைய நடிப்பை நினைத்து மட்டுமே உருகியிருந்தால், அங்கே ஒரு திரையைக் கட்டி அவர் படங்களை ஓட்டியிருப்பார்கள். அவர்கள் சோறு பரிமாறுகிறார்கள். தீர்ப்பு எழுதும் முன் அந்தப் பந்தியை ஒரு முறை நினைத்துப் பாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.