கரை என்ன கரை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதுமையில் ஒருவர் காணும் விந்தையை நம்பிக் கேட்பவர்கள் பிள்ளைகளா, நண்பர்களா? இதுதான் தலைப்பு. நண்பர்களே என்று பேச வந்திருக்கிறேன். நான்கு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "ஒரு கிழவர் கதை அளப்பார், இன்னொரு கிழவர் 'ம்' கொட்டுவார். இரண்டு குருடர்கள் சேர்ந்து நிலா பார்த்த கதைதான் இந்த நட்பு!" அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் ஊன்றுகோலைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் பெரியவர் மட்டும் கைதட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன்.

சகோதரரே, இரண்டு குருடர்கள் நிலா பார்த்தது உண்மை. அதில் ஒருவர் என் அப்பா.

எங்கள் ஊர் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். அப்பா பட்டுச் சேலை நெய்தவர். கோர்வைச் சேலை தெரியுமல்லவா? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் ஊடையை, அதாவது குறுக்கு நூலை, ஊடையோடு கோத்து வாங்க வேண்டும். சேலை கிழிந்தாலும் கிழியலாம், கோர்வை விடாது என்பார்கள். அந்தக் காலத்தில் அதை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. குழித்தறியில் நெசவாளர் உட்கார்ந்திருப்பார், வலது கைப் பக்கம் ஒரு சிறுவன் உட்கார்ந்து வலது கரைக்கு நாடா, அதாவது ஊடை நூல் ஓட்டும் கட்டை, தள்ளுவான். அப்பா தறியில் இறங்கியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. வலப்பக்கம் உட்கார்ந்த பையனுக்குப் பத்து வயது. இந்தப் பத்து வயதுப் பையனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 76 வயதில் கண் நீர் அழுத்த நோயால் பார்வை பெரும்பகுதி போய்விட்டது. தறியை விட்டு எழுந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருநாள் மாலை, விளக்கு வைக்கும் நேரம். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எதிர்ச் சுவர் ஓரமாகப் பெண்கள் நடந்து வருகிறார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு சாண் உயரம். வரிசையாக வருகிறார்கள், நிற்கிறார்கள், திரும்புகிறார்கள். எல்லோரும் பட்டு உடுத்தியிருக்கிறார்கள்.

பக்கத்து மனிதரின் முகமே தெரியாதவருக்குச் சாண் உயரப் பெண்ணின் சேலை மடிப்பு தெரிகிறது! மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள்.

அப்பா எங்களிடம் சொன்னாரா? சொல்லவில்லை. நான் அவருக்குப் பத்தடி தூரத்தில் அடுப்படியில் இருந்தேன். தம்பி மாடியில் இருந்தான். பதினோரு நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "எங்கே அப்பா?" என்றேன். "சும்மா, பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார். பிற்பாடு துண்டு துண்டாகக் கேட்டுத்தான் முழுக்கதையும் எனக்குத் தெரிந்தது.

முதல் நண்பர் அடுத்த தெரு. கேட்டார், சிரித்தார். சிரித்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் டீக்கடையில், "சாண் உயரப் பெண் என்றால் சேலைக்கு எத்தனை முழமப்பா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. அப்பாவும் அங்கேதான் நின்றிருந்தார். டீயைக் குடிக்காமல் காசு கொடுத்துவிட்டு வந்தார்.

"பார்த்தீர்களா, அவரும் நண்பர்தானே!" என்று எதிரணியில் இப்போதே தயாராகிறார்கள். ஆமாம், நண்பர்தான். ஒருவர் சிரித்த பிறகும் அப்பா அடுத்து எந்தக் கதவைத் தட்டினார்? என் கதவை அல்ல. மறுநாள் இரண்டாவது நண்பரின் கதவைத் தட்டினார். அவர் சிரிக்கவில்லை, பயந்துவிட்டார். "யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள்" என்று நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார். அப்பா அந்தத் திருநீறோடு வீட்டுக்கு வந்தார். கோயிலுக்குப் போய் வந்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு மனிதர் தன் சித்தம் கலங்குகிறதோ என்று தனக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறார், நான் அவருக்குக் கூடுதலாக ஒரு தோசை வைக்கிறேன். பிள்ளைகளின் நிலை அவ்வளவுதான் நடுவர் அவர்களே. அன்பு இல்லாமல் இல்லை, தோசை நல்ல தோசைதான். ஆனால் ஒன்றும் தெரியவில்லையே!

மூன்றாவது நாள் ஆரணி பஸ் ஏறினார். கண் தெரியாத மனிதர், தனியாக. நடத்துநரிடம் ஊரைச் சொல்லி, செய்யாறில் நிற்கும்போது "ஆரணியா?" என்று கேட்டு, "இல்லை பெரியவரே, இருங்கள்" என்று உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் போனார். மணியை அடித்துவிடாதீர்கள் நடுவர் அவர்களே, அப்பா இன்னும் பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை.

ஆரணியில் இருந்தவர்தான் அந்தப் பத்து வயதுப் பையன். கல்யாணமாகி அந்த ஊரோடு தங்கிவிட்டவர். நாங்கள் ஆரணி மாமா என்போம். அவருக்கும் ஒரு கண்ணில் புரை. சகோதரர் சொன்ன இரண்டாவது குருடர் அவர்தான்!

அப்பா சொன்னார். சாண் உயரப் பெண்கள், பட்டுச் சேலை, விளக்கு வைக்கும் நேரம், எல்லாம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. திருநீற்றுத் தட்டு வருகிறதா என்று பார்த்தார். அதுவும் வரவில்லை. மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"கரை என்ன கரைடா?"

அவையோரே, இதை இன்னொரு முறை சொல்ல அனுமதியுங்கள். "நிஜமாகவா?" என்று அவர் கேட்கவில்லை. "மாத்திரை போட்டாயா?" என்று கேட்கவில்லை. "யாரிடமும் சொல்லாதே" என்றும் சொல்லவில்லை. "கரை என்ன கரைடா?" என்று கேட்டார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மனிதர் உடைந்து அழுதார். அழுதுகொண்டே, "அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை, கரையில் மயில்கண், ஓரத்தில் கோபுரம்" என்றார். "நம் முதல் முகூர்த்தச் சேலை மாதிரியா?" என்றார் மாமா. "அதேதான்டா, ஆனால் நாம் நெய்ததைவிட நெருக்கம்" என்றார் அப்பா. "நம்மைவிட நெருக்கமாக எவன்டா நெய்வான்?" என்று மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டதாம்!

நம்புவது என்றால் தலையாட்டுவது என்று எதிரணி நினைக்கிறது. நம்பியவன்தான் கேள்வி கேட்பான். நம்பாதவனுக்குக் கேட்க என்ன இருக்கிறது? மாமா அடுத்தடுத்துக் கேட்டார். "கொலுசுச் சத்தம் வருகிறதா?" "இல்லை, எல்லோரும் ஊமை." "கண்ணை மூடினால்?" "போய்விடுகிறார்கள்." "அவர்கள் நிஜம் என்று நினைக்கிறாயா?" "இல்லைடா, நிஜமில்லை என்று தெரிகிறது. ஆனால் தெரிகிறதே!" மாமா சொன்னார்: "சத்தமில்லை, கண்ணை மூடினால் இல்லை. அப்படியானால் இது புத்திக் கோளாறு இல்லை, கண் விவகாரம். உன் புத்தி சரியாக இல்லாவிட்டால் கோபுரத்தையும் மயில்கண்ணையும் பிரித்துச் சொல்வாயா?" மறுநாள் அவரே காஞ்சிபுரம் வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போனார்.

"டாக்டரிடம் அழைத்துப் போவது பிள்ளைதான்" என்றாரே சகோதரர். எங்கள் வீட்டில் அழைத்துப் போனவர் அவர் சொன்ன இரண்டாவது குருடர்!

மருத்துவர் சிரிக்கவில்லை. இதற்குப் பெயரே இருக்கிறது என்றார். சார்லஸ் போனே நோய்க்குறி. கண்ணிலிருந்து போகும் செய்தி குறைந்துவிட்டால், மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருக்காமல் தானே படம் வரைகிறது. விழித்திரை கெட்டவர்களுக்கும், புரை, நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கும் வரும். சிறிய உருவங்கள், அலங்கார உடைகள், பூ வேலைப்பாடுகள், எதுவும் தெரியலாம். மங்கலான வெளிச்சத்தில் அதிகம். சத்தம் இருக்காது. பைத்தியம் இல்லை. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் வயதானவர்கள் வாயைத் திறப்பதில்லை என்றார். விளக்கைப் போடுங்கள், கண்களை இரண்டு பக்கமும் உருட்டுங்கள், மறையலாம் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மாமா அதைத் தறிப் பேச்சில் சொன்னார்: "நூல் நின்றுபோன பிறகும் உன் ஜக்கார்டில் அட்டை சுற்றிக்கொண்டே இருக்கிறதுடா." ஜக்கார்ட் என்பது தறிக்கு மேல் இருக்கும் டிசைன் கருவி, டிசைனைத் துளைத்து வைத்த அட்டைகள்தாம் அவை. தறி கண்டவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

எதிரணியின் கடைசிப் பேச்சாளர் ஜெனிவா வரைக்கும் போய் வந்தார். அங்கே சார்லஸ் லுல்லன் என்று கிட்டத்தட்டத் தொண்ணூறு வயதுப் பெரியவர். உங்களைப் போல நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர், நடுவர் அவர்களே! புரையால் பார்வை மங்கியவர். 1758ஆம் ஆண்டு அவர் கண் முன்னே ஒரு நீலக் கைக்குட்டை, நான்கு மூலையிலும் சிறிய மஞ்சள் வட்டத்தோடு தெரிந்தது. பிறகு பட்டு உடுத்திய பெண்கள் வந்தார்கள். அவர் சொன்னதைக் கேட்டு 1760ஆம் ஆண்டு எழுதிவைத்தவர் பேரன், சார்லஸ் போனே. அந்தப் பேரனின் பெயரைத்தான் பிற்காலத்தில் இந்த நிலைக்கு வைத்தார்கள். "பார்த்தீர்களா, நம்பியவர் பேரன்! பெயர் பெற்றவர் பேரன்!" என்று மேசையைத் தட்டினார்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பேரன் என்ன செய்தார்? தாத்தா, மருந்து குடியுங்கள் என்று சொல்லவில்லை. தாத்தா கண்டதை நம்பி எழுதிவைத்தார். ஆரணி மாமா மாதிரியே அவரும் நம்பித்தானே கேட்டார்? பேரனாகப் பிறந்தார், நண்பராக உட்கார்ந்தார். அவரை எங்கள் அணியில் சேர்த்துவிடுங்கள்!

மார்கோ போலோவையும் இழுத்தார்கள். நம் காயல் துறைமுகத்துக்கு வந்து முத்துக்குளிப்பைப் பார்த்தவர். வெனிஸில் 1324ஆம் ஆண்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது, நம்ப முடியாததையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள் என்று கேட்டவர்கள் அவருடைய நண்பர்கள் என்றார்கள். அவர் சொன்ன பதிலையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்: கண்டதில் பாதியைக்கூட நான் சொல்லவில்லை என்றார். உயிர் போகிற நேரத்தில் அந்த மனிதர் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்? ஊருக்கா? நண்பர்கள் நம்பவில்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கோப்பெருஞ்சோழனை நான் நீட்டப் போவதில்லை, எல்லோருக்கும் தெரியும். பெற்ற மகன்களே படை திரட்டி எதிர்த்து நின்றார்கள். உறையூரில் வடக்கிருந்தபோது, "பிசிராந்தையார் வருவார், அவருக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்" என்றார். கண்ணால் பார்த்தே இராத நண்பர். சுற்றி இருந்தவர்கள் நம்பவில்லை. அவர் வந்தார். இதற்கு மேல் நான் எதற்கு வாதாட வேண்டும்?

"'ம்' கொட்டுவார்" என்றீர்களே சகோதரரே, அந்த 'ம்' என்ன விலை தெரியுமா? அதன் பிறகு நான்கு ஆண்டுகள், விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். ஆரணியிலிருந்து மாமா. "இன்றைக்கு யார் வந்தார்கள்?" என்பார். அப்பா சொல்வார். "ம்." "வாழைப்பூக் கரைடா." "ம்." "முந்தானையில் அன்னம்." "ம், ஜரிகை எப்படி?" அந்தப் பெண்கள் வருவது நிற்கவில்லை. மருந்தால் எளிதில் நிற்கிற விஷயமும் அல்ல அது. பயம் நின்றுவிட்டது. தறியை விட்டு எழுந்து நடைப்பிணமாக இருந்தவர், மாலை ஆறு மணிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். இன்றைக்குப் புதிதாக என்ன கரை வரும் என்று.

மாமா இறந்த அன்று அப்பாவை நான்தான் ஆரணிக்கு அழைத்துப் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அப்பா கையால் தடவிப் பார்த்து, இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்தார். வந்தவர்கள் இடம் மாறி உட்காரச் சொன்னார்கள், மாறவில்லை. தறியில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஆறு மணிக்குத் தொலைபேசி அடிப்பதில்லை.

அப்பாவுக்கு இப்போது 82. இங்கே கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை, அவர் திண்ணையில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் நெசவாளர் மகள், ஆனால் தறியில் இறங்கியவள் அல்ல. எனக்கு மயில்கண்ணும் ஒன்றுதான், குயில்கண்ணும் ஒன்றுதான். இருந்தாலும் கேட்டேன்: "அப்பா, கரை என்ன கரை?"

சட்டென்று என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு நான் யார் என்று தெரிந்து அது மெல்ல அடங்கியது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கோபுரக் கரைதான் அம்மா. இடது பக்கம் நன்றாகத் தெரிகிறது. வலது கரைதான் தெரியவில்லை" என்றார்.

"விளக்கைப் போடட்டுமா அப்பா?"

"வேண்டாம். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

நடுவர் அவர்களே, வணக்கம்.